யார் கையில் ஒப்படைப்பது?

சொந்த ஊரில் வாழ்கிறவனுக்குச் சில கேள்விகள் எழுவதே இல்லை. கதவு பழுதுபட்டால் எந்தத் தச்சரை அழைப்பது, காய்ச்சல் கண்டால் எந்த வைத்தியரிடம் போவது, நகை செய்ய எந்தப் பத்தரிடம் பொன்னைக் கொடுப்பது என்பனவெல்லாம் அவன் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. தாத்தா காலத்தில் யாரோ தேர்ந்துகொண்டார். பேரன் அதே வாசற்படியை மிதிக்கிறான். வேலை நன்றாக இருந்தாலும் அவர்தான், சுமாராக இருந்தாலும் அவர்தான். ஆயிரம் மைல் கடந்து வந்து குடியேறியவனுக்கோ இந்தச் சௌகரியம் கிடையாது. மொழி புரியாத ஊரில், முகம் தெரியாத மனிதர்களுக்கு நடுவே, தன் உடம்பையும் உடைமையையும் யார் கையில் ஒப்படைப்பது என்பதை அவன் ஒவ்வொரு முறையும் தானே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது 1966ஆம் ஆண்டில். 2001இல் நகரின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டபோதிலும் என் வாய்க்கு இன்னும் பழைய பெயரே பழக்கம். அந்நகரில் மருத்துவரையும், பிள்ளைகளுக்குப் பள்ளியையும், குடியிருக்க வீட்டையும் தேடித் தேர்ந்ததில் எத்தனையோ தவறுகள் செய்தேன், அவை மறந்துவிட்டன. ஒரு பழைய மோட்டார் வண்டியைச் செப்பனிட யாரிடம் கொடுப்பது என்று எடுத்த முடிவு மட்டும் மறக்கவில்லை. இத்தனைக்கும் அந்த முடிவு சரியானதுதான். சரியான முடிவை எடுத்தவனுக்கு நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் ஒரு முள் உறுத்துவானேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1979ஆம் ஆண்டில் எங்கள் அலுவலகத்து மேலதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனபோது அவருடைய அம்பாசடர் காரை நான் விலைக்கு வாங்கினேன். அப்போதே அதற்கு வயது ஒன்பது. "அம்பைக்காரருக்கு அம்பாசடர் வாய்த்தது பொருத்தம்தான்" என்று சங்கத்து நண்பர்கள் கேலி செய்தார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உருவான வண்டி அது. நதிக்கு அக்கரையில் பிறந்த வண்டி என்பதால் கல்கத்தாவில் அதன் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. அதைப் பழுது பார்க்கத் தெரியாது என்று சொல்லும் ஆளும் அந்நகரில் இல்லை. பின்னால் எனக்கு அதுவே பெரிய சங்கடமாக முடிந்தது.

வண்டி எனக்கு ஆடம்பரத்துக்காக அமைந்ததன்று. 1982ஆம் ஆண்டில் தந்தையார் காலமானபின் தாயாரை எங்களோடு அழைத்துவந்துவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் வாதம். டிராமின் படியில் ஏற இயலாது. வாரத்தில் இருநாள் மருத்துவமனைக்கும் வெள்ளிதோறும் கோவிலுக்கும் அந்த வண்டிதான். 1984 அக்டோபரில் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே நாட்டின் முதல் பாதாள ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஆனால் எங்கள் ராஷ்பிஹாரி அவென்யூப் பக்கம் பாதாளப் பாதை வேலை இன்னும் முடியவில்லை. தோண்டிப் போட்ட சாலைகளில் குலுங்கிக் குலுங்கிப் போகும்போதெல்லாம் அம்மா, "வண்டி இருக்கப் போய்த்தானே" என்று ஒரு பெருமூச்சு விடுவாள்.

1985ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்த வண்டிக்கு நோய் கண்டது. பின்னாலிருந்து நீல நிறப் புகை வந்தது. முந்நூறு கிலோமீட்டர் ஓடினால் ஒரு லிட்டர் எண்ணெய் குறைந்தது. சில நாட்களில், யாரோ அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் எஞ்சினுக்குள் ஓர் ஓசையும் சேர்ந்துகொண்டது. எஞ்சினை இறக்கிப் பிரித்துத்தான் பார்க்கவேண்டும் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். யார் பிரிப்பது என்பதில்தான் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்பவில்லை.

அப்போது என் கையிருப்பு 7,000 ரூபாய். ஊரில் உள்ள வீட்டின் கூரைக்கு ஓடு மாற்றுவதற்கென்று மூன்றாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அந்த வீட்டில்தான் தன் உயிர் பிரியவேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். ஆகவே வண்டிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்தக் கூரையிலிருந்து ஓர் ஓட்டைப் பெயர்த்து எடுப்பதற்குச் சமம். வேலை கெட்டுப்போனாலோ, கூரையும் இல்லை, வண்டியும் இல்லை.

என் முன்னே மூன்று வாசல்கள் இருந்தன.

முதலாவது, கம்பெனியின் பெயர்ப்பலகை தாங்கிய ஒரு பெரிய பட்டறை. அங்கே கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அச்சிட்ட தாளில் குறித்துக்கொண்டார். எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. 11,000 ரூபாய் ஆகும், கூடவும் ஆகலாம் என்றார். வேலை நடக்கும் இடத்துக்குள் வண்டிக்காரர் வரக்கூடாது, கழற்றிய பழைய பாகங்கள் திரும்பக் கிடைக்கா என்பவை அவர்கள் விதிகள். அவர்களைக் குறைகூற நான் விரும்பவில்லை. முறையான ரசீது உண்டு. ஆறு மாதப் பொறுப்புச் சீட்டும் உண்டு. வசதியுள்ளவனுக்கு அது நிம்மதியான வழி. ஆனால் நோயாளியின் நாடியைப் பிடிக்காமலே மருந்துக்கு விலை சொல்லுகிறார்களே என்று என் மனம் தயங்கியது.

இரண்டாவது வாசல், அண்ணாச்சியுடையது. அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கத்தவர். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து, பட்டறைகளில் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, பவானிப்பூரில் சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்தவர். 1966இல் நான் ஒரு தகரப் பெட்டியோடு ஹௌரா நிலையத்தில் இறங்கியபோது, ஊர்க்காரர் எழுதிய ஒரு கடிதத்தை நம்பி என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் அவர்தான். நான்கு மாதங்கள் அவர் அறையில் தங்கி அவர் சோற்றைத் தின்றேன். 1971இல் என் மனைவிக்குப் பேறுகாலம். நக்சல்பாரி இயக்கமும் அதை ஒடுக்க எழுந்த காவல் நடவடிக்கைகளுமாகக் கல்கத்தாவின் இரவுகள் அச்சம் மிகுந்திருந்த காலம் அது. இருட்டிவிட்டால் டாக்ஸிக்காரர் எவரும் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள். இரவு ஒரு மணிக்கு நான் போய்க் கதவைத் தட்டியதும், பழுது பார்க்க வந்திருந்த யாருடைய வண்டியையோ எடுத்துக்கொண்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, எங்களை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடியற்காலையில் என் மகள் பிறந்தாள்.

இப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது? ஆனால் 1985இல் அண்ணாச்சிக்கு அறுபது கடந்திருந்தது. கண்ணில் திரை விழ ஆரம்பித்திருந்தது. அவரிடமிருந்த கைதேர்ந்த மெக்கானிக் இரண்டாண்டுகளுக்கு முன்பே வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டான். பட்டறையில் நடந்ததெல்லாம் தகட்டை நிமிர்த்துவதும் சாயம் பூசுவதுமே. அதற்கு முந்தைய ஆண்டு கிளட்ச் வேலைக்காக அவரிடம் விட்ட என் வண்டி, ஒரே மாதத்தில் இருமுறை நடுத்தெருவில் நின்றுவிட்டது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. வேறிடத்தில் சரிசெய்துகொண்டு, அவரைக் கண்டபோது, "நன்றாக ஓடுகிறது அண்ணாச்சி" என்றேன். பொய்யின் விதை அன்றே ஊன்றப்பட்டுவிட்டது.

மூன்றாவது வாசலை எனக்குக் காட்டியவர் எங்கள் அலுவலகத்து டிரைவர். பழைய மோட்டார்ப் பாகங்களுக்குப் பெயர்போன மல்லிக் பஜாரின் பின்புறம், கை வண்டி ஒன்று வந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒரு சந்து. அதில் மூன்று சுவரும் ஒரு தகரக் கூரையுமாக ஒரு கொட்டகை. அதன் தலைவரை எல்லாரும் உஸ்தாத் என்றே அழைத்தார்கள். பெயர்ப்பலகை இல்லை. நாற்காலி இல்லை. ஒரு மரப்பெட்டியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "தெரியாது பாபு" என்றார். அதுவரை நான் விசாரித்த எவரும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்றாவது கம்பியைக் கழற்றியதும் அந்தச் சுத்தியல் ஓசை தணிந்தது. அந்த இடத்துப் பேரிங்தான் தேய்ந்திருக்கிறது என்றார். பின்னர் பிளக்குகளையே எடுத்துவிட்டு, அந்தத் துளைகளில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார். மூன்றாவது சிலிண்டரில் அழுத்தம் மற்றவற்றைவிட மிகக் குறைவு. அதனுள் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றி மறுபடியும் அளந்தபோது முள் மேலே ஏறியது. "பாருங்கள், எண்ணெய் இடுக்கை அடைத்ததும் அழுத்தம் ஏறிவிட்டது. குற்றம் வால்வில் இருந்தால் இப்படி ஏறாது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன" என்று விளக்கினார். என் அரைகுறை இந்திக்கும் அது தெளிவாக விளங்கியது.

கடைசியில் அவர் சொன்னது இது: "பிரித்து அளந்த பிறகே தொகை சொல்வேன். பிரிக்கிற கூலி 300 ரூபாய். என் தொகை பிடிக்காவிட்டால் அந்தக் கூலியை மட்டும் கொடுத்துவிட்டு, அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள். சிலிண்டர் கடைகிற வேலையை நான் செய்வதில்லை. அடுத்த சந்தில் லேத் பட்டறையில் செய்வார்கள். வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பாகங்கள் எல்லாம் உங்களுடையவை. தண்ணீர் பம்ப், டைனமோ, கார்புரேட்டர் மூன்றும் நன்றாக இருக்கின்றன; யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. புத்தி மல்லிக் பஜாருக்குப் போகச் சொன்னது. நெஞ்சு பவானிப்பூருக்கு இழுத்தது. எழுந்து திருக்குறளை எடுத்துவைத்துக்கொண்டேன். பொருட்பாலில் ஐம்பத்தொன்றாவது அதிகாரம் தெரிந்துதெளிதல், அடுத்தது தெரிந்துவினையாடல். ஒருவனை ஆராய்ந்த பிறகே நம்பவேண்டும், அவன் எதற்குத் தகுதியுடையவன் என்று அறிந்த பிறகே காரியத்தை ஒப்படைக்கவேண்டும், அன்பு ஒன்றுக்காக ஒருவனைத் தேர்வது அறிவுடைமை ஆகாது என்பது அவ்விரண்டின் சாரம். எனக்கு வேண்டிய தீர்ப்பு கிடைத்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த ஏட்டைப் புரட்டியிருந்தால் அந்தத் தீர்ப்பின் மறுபாதியும் கண்ணில் பட்டிருக்கும்.

மறுநாள் மனைவியிடம் சொன்னேன். அவள் என் முடிவை மறுக்கவில்லை. "ஆனால், அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்றாள்.

"சொன்னால் மனம் நோவார். வேலை முடிந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்றேன்.

"நோவது அவரா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வண்டியை உஸ்தாதிடம் விட்டேன். எஞ்சினைப் பிரித்து என் கண்ணெதிரே அளந்தார்கள். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைப் பட்டறைக்காரர்கள் தௌ என்பார்கள். மூன்றாம் சிலிண்டர் மேற்பகுதியில் பன்னிரண்டு தௌ தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. பேரிங்கின் மேற்பூச்சு போய்ச் செம்பு நிறம் பளிச்சிட்டது. கிராங்க் தண்டிலும் கோடு விழுந்திருந்தது. இருபது தௌ கூடுதல் அளவுள்ள பிஸ்டன்கள் போட்டுச் சிலிண்டர்களைக் கடையவேண்டும், கிராங்கையும் கடைந்து அதற்கேற்ற பேரிங்குகள் போடவேண்டும் என்றார். "பிஸ்டனை முதலில் வாங்கிவாருங்கள், அதை அளந்த பிறகுதான் துளையைக் கடையவேண்டும். துளையைக் கடைந்துவிட்டுப் பிஸ்டனைத் தேடுகிறவன் வேலை தெரியாதவன்." எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை சங்கத்தில் ஒரு கூட்டம். அண்ணாச்சி வந்திருந்தார். "என்ன தம்பி, நடந்து வந்திருக்கீய? வண்டி எங்க?" என்று கேட்டார். "அலுவலகத்தில் விட்டிருக்கிறேன் அண்ணாச்சி" என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அம்மாவின் கால்வலியைப் பற்றி விசாரித்தார்.

மறுநாள் பிற்பகல் லேத் பட்டறைக்குப் போனேன். மூன்று சிலிண்டர்கள் கடைந்து முடிந்து நான்காவது நடக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டது. அக்காலக் கல்கத்தாவில் லோட்ஷெடிங் இல்லாத நாள் ஏது? இயந்திரம் ஓய்ந்து, பட்டறை இருண்டது. எல்லாரும் வெளியே வந்து திண்ணையில் அமர்ந்தோம். அப்போது சந்தின் முனையில், சாக்கில் சுற்றிய பிரேக் டிரம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வழி பழகிய காலோடு நேரே எங்களை நோக்கி வந்தார்.

"வாருங்கள், அண்ணாச்சி பாபு!" என்று உஸ்தாத் எழுந்து வரவேற்றார். அண்ணாச்சி என்பதே அவருடைய பெயர் என்று அந்தச் சந்தில் அனைவரும் நினைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளாகத் தம் பட்டறையின் கடைசல் வேலைகளுக்கெல்லாம் அவர் அங்கேதான் வருகிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எழுந்து நின்ற எனக்கு வாய் அடைத்துவிட்டது. சுமையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்கு அந்த எஞ்சினை அடையாளம் தெரியாதா? எத்தனை முறை அதைத் தொட்டவர். கடைந்து முடித்த சிலிண்டருக்குள் விரலைவிட்டு மெல்லச் சுற்றித் தடவினார். "இருபது தௌவா?" என்று உஸ்தாதைக் கேட்டார். ஆமாம் என்று பதில் வந்ததும், "கிராங்கைக் கடைஞ்சா எண்ணெய்த் துவாரத்தை நல்லாக் கழுவிடணும். ஒரு துகள் தங்கினாலும் புதுப் பேரிங் போயிரும்" என்று இந்தியில் நினைவூட்டினார். உஸ்தாத் பணிவாகத் தலையசைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "வேலை சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, டிரம்மை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மின்சாரம் வந்து, லேத் மீண்டும் சுழலத் தொடங்கியதும்தான் நான் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறேன் என்பதை உணர்ந்தேன்.

வண்டி பத்தாம் நாள் வீடு வந்தது. புகை இல்லை, ஓசை இல்லை. பழைய பிஸ்டன்கள் நான்கையும் ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார் உஸ்தாத். எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. ஆனால் அண்ணாச்சி வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் இருமுறை பட்டறைக்குப் போனேன். "வெளியே போயிருக்கிறார்" என்றான் பையன். பூஜை விடுமுறையில் என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு, ஒரு தூக்கில் முறுக்கோடு அவர் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் செருப்பொலி கேட்டது. அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

"புது ரிங்கு பழகணும்லா தம்பி. ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பது வேகத்தைத் தாண்டப்படாது. ஊருக்குள்ள நின்னு நின்னு ஓட்டினா சரியா வராது. எடுங்க, டயமண்ட் ஹார்பர் வரைக்கும் போய்ட்டு வருவம்."

டயமண்ட் ஹார்பர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அந்தச் சாலையில் நாங்கள் மாட்டு வண்டிபோல் ஊர்ந்தோம். லாரிகளெல்லாம் ஒலியெழுப்பிக்கொண்டு முந்திப் போயின. அண்ணாச்சி பக்கத்து இருக்கையில் கண்களை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவர்போல் எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதி வழி கடந்தபின் நான் துணிந்து பேசினேன். "அண்ணாச்சி, உங்களிடம் மறைத்தது என் தவறு. உங்கள் மனம் நோகக் கூடாதே என்றுதான்..."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்குத் தெரியாதா தம்பி, இந்த வேலை இப்ப என் பட்டறையில ஆகாதுன்னு? புகையைப் பார்த்த அன்னைக்கே தெரியும். நீங்க வந்து கேப்பீங்க, 'என்னால முடியாது தம்பி, வாங்க உஸ்தாதுகிட்டப் போவம்'னு நானே சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன். முடியாதுன்னு நானே சொல்லிக்கிடுத உரிமையையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்லா?"

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எனக்குப் பாதை தெரியவில்லை.

"எதுக்கு நிறுத்துதீய? எஞ்சின் நல்லா ஓடுது. போங்க" என்றார்.

அன்றுமுதல் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதே பாதையில் போய்வந்தோம். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் அவரே நின்று எண்ணெயை மாற்றச் செய்தார். அந்த எஞ்சின் அதற்குப்பின் ஒரு குறையும் வைக்கவில்லை. 1997இல் நான் அந்த வண்டியை விற்றபோதும் அது புகையாமல்தான் ஓடியது. மிச்சமிருந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, 1986 கோடையில் ஊர் வீட்டுக் கூரையின் ஒரு பாதிக்கு ஓடு மாற்றினோம். மறுபாதிக்கு மறு ஆண்டு. அம்மா தான் விரும்பியபடியே அந்தக் கூரையின் கீழ் கண்ணை மூடினாள். அண்ணாச்சி 1993இல் கல்கத்தாவிலேயே காலமானார். உஸ்தாத் தம் பிள்ளைகள் இருவரோடு சுடுகாடு வரை வந்திருந்தார். அண்ணாச்சியின் உண்மையான பெயரை அன்றுதான் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்போது என் மகன் புனேயில் இருக்கிறான். அவனுடைய காரில் கியர்பாக்ஸ் பழுதாகிவிட்டது. கம்பெனிப் பட்டறையில் விடுவதா, வெளியே கொடுப்பதா என்று சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டான். இன்றைய கார்களின் கோளாறுகளைக் கண்டுபிடிக்கக் கணினிக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் கருவி ஒரு குறியீட்டு எண்ணைத்தான் காட்டும்; எதைக் கழற்றுவது, எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்கிறவன் இன்றும் மனிதனே. ஆகவே எனக்குத் தெரிந்த பழைய சோதனைகளையே அவனுக்கும் சொன்னேன். திறந்து பார்க்காமல் விலை சொல்கிறவனிடம் அவசரப்படாதே. எதனால் இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேள். உனக்கு விளங்கும்படி காட்டுகிறானா என்று பார். எந்தப் பாகத்தை மாற்றவேண்டியதில்லை என்று அவனாகச் சொல்கிறானா என்று கவனி. எந்த வேலையை வெளியே கொடுத்துச் செய்கிறான் என்று கேள். மறைக்காமல் சொல்கிறவனை நம்பு. தொகையை எழுதி வாங்கு. பழைய பாகங்களைத் திருப்பிக் கேள். பெயர்ப்பலகை பெரிதா சிறிதா என்பதும், நம் மொழி பேசுகிறானா வேற்று மொழி பேசுகிறானா என்பதும் இந்தச் சோதனைகளுக்குப் பிறகு வரவேண்டியவை.

"அவ்வளவுதானே அப்பா?" என்றான்.

"இன்னும் ஒன்று இருக்கிறது. உன்னிடம் உரிமை உள்ளவர் யாராவது அந்த ஊரில் இருந்தால், வேலையை அவரிடம் கொடுக்காவிட்டாலும், கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேள்" என்றேன்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்துவிடுகிறோம். நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக, இயலாதவரின் தலையில் காரியத்தைச் சுமத்திவிட்டுப் பின்னர் இருவருமாக வருந்துகிறோம். அல்லது திறமை உள்ள இடத்தைத் தேடிப் போகும்போது, நம்மவரிடமிருந்து அதை ஒரு குற்றம்போல் மறைத்துவிடுகிறோம். வேலையைத் தகுதி உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, ஆலோசனையை நம்மவரிடம் கேட்கலாம் என்ற எளிய வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

அன்றிரவு நான் புரட்டாமல் விட்ட ஏட்டைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தேன். தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்ற இரண்டையும் முடித்த கையோடு வள்ளுவர் வைத்திருக்கும் அதிகாரம் சுற்றந்தழால். சுற்றத்தைத் தழுவிக்கொள்வதைப் பற்றியது அது. ஆராய்ந்து தேர்ந்தெடு என்று சொல்லி முடித்தவர், உடனே சுற்றத்தை அணைத்துக்கொள் என்று தொடர்கிறார். நான் அந்த இடைவெளியில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்தப் பழைய பிஸ்டன்களில் ஒன்று இன்னும் என் மேசைமேல் காகிதக் கட்டுகளுக்குப் பாரமாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நாற்பது வேகத்தைத் தாண்டாத ஒரு வண்டியில், கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்த அண்ணாச்சி நினைவுக்கு வருகிறார்.